வோட், சாய்ஸ், எலெக்ஷன்: தேர்தல் சார்ந்த ஆங்கிலச் சொற்களைத் தேர்வுக்குப் படிக்க முழுமையான வழிகாட்டி

தேர்தல் பற்றிய ஆங்கிலச் சொற்களில் பாதி நமக்கு ஏற்கெனவே பழக்கம்தான். பூத், கேண்டிடேட், டெபாசிட், மெஜாரிட்டி, ரீகவுன்டிங் எல்லாம் டீக்கடைப் பேச்சிலேயே வந்து விழுகிற சொற்கள். அப்படியிருந்தும் போட்டித் தேர்வில் இந்தத் தலைப்பில் மதிப்பெண் போகிறது என்றால், பொருள் தெரியாததால் போவதில்லை. அந்தச் சொல் எந்த வினையோடு வரும், பின்னால் என்ன ப்ரிபோசிஷன் ஒட்டும், பன்மையா ஒருமையா என்பதில்தான் போகிறது. கேள்வித்தாள் எடுப்பவரும் சரியாக அங்கேதான் கை வைப்பார். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைத்தான் வலியுறுத்தப் போகிறேன்: சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள், அதன் கூட்டாளிச் சொல்லோடு சேர்த்துப் படியுங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஒவ்வொன்றையும் அகராதியில் தேடி, ஆங்கில எழுத்தில் நீங்களே நோட்டில் எழுத வேண்டும். நேரம் எடுக்கும்தான், ஆனால் ஸ்பெல்லிங் கையில் ஏறுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

படி 1: உங்கள் தேர்வு என்ன கேட்கிறது என்று பாருங்கள்

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண், ஒரு தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழியும். சினானிம், ஆன்டனிம், ஒரு சொல் மாற்று, இடியம், பிழை கண்டுபிடித்தல், பத்தியில் உள்ள வெற்றிடங்களை நிரப்பும் க்ளோஸ் டெஸ்ட் என்று வரும். எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான். அதாவது சொல்லைப் பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ் கதை வேறு. ரைட்டிங் இரண்டாம் பகுதியில் 40 நிமிடத்தில் 250 சொற்களுக்குக் குறையாமல் நீங்களே எழுத வேண்டும். வாக்களிப்பதைக் கட்டாயமாக்கலாமா, வாக்குரிமை வயதை 16 ஆகக் குறைக்கலாமா என்ற மாதிரித் தலைப்பு வந்தால் சொற்கள் உங்கள் கையிலிருந்து வர வேண்டும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் படிப்பவர்கள் நிறைய நேரத்தை வீணாக்குகிறார்கள். தேர்தல்களை ஆராயும் துறைக்கு 'செஃபாலஜி' என்று பெயர், எழுதும்போது முன்னால் ஒலிக்காத ஒரு 'பி' உண்டு. எஸ்எஸ்சிக்கு அது கட்டாயம். ஐஇஎல்டிஎஸ் எழுதுபவருக்கு அது அநேகமாகத் தேவைப்படாது, ஆனால் 'டர்ன்அவுட்', 'எக்ஸர்சைஸ் தி ரைட் டு வோட்' போன்றவை இல்லாமல் ஒரு பத்தி கூட எழுத முடியாது.

படி 2: தேர்தல் நடக்கும் வரிசையிலேயே சொற்களை அடுக்குங்கள்

அகர வரிசைப் பட்டியல் மனதில் நிற்காது. தேர்தல் அறிவிப்பிலிருந்து பதவியேற்பு வரை என்னென்ன நடக்கிறது என்று நமக்கே தெரியும் இல்லையா, அந்த வரிசையில் நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

முதல் பக்கம், அறிவிப்பு. தேர்தல் அட்டவணையை 'அனவுன்ஸ்' செய்வார்கள், தேர்தலை 'ஹோல்ட்' அல்லது 'கண்டக்ட்' செய்வார்கள். 2024 மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை ஏழு கட்டங்களாக நடந்தது, தமிழ்நாடு முழுவதும் முதல் கட்டத்திலேயே முடிந்துவிட்டது. இதை ஆங்கிலத்தில் சொல்ல 'வாஸ் ஹெல்ட் இன் செவன் ஃபேஸஸ்' என்பதுதான் சரியான சொற்றொடர். நடத்தை விதிகள் 'கம் இன்டு ஃபோர்ஸ்' ஆகும்.

இரண்டாம் பக்கம், மனுத்தாக்கல். மனுவை 'ஃபைல்' செய்வார்கள், பரிசீலனை 'ஸ்க்ரூட்டினி', ஏற்றால் 'அக்செப்ட்', தள்ளினால் 'ரிஜெக்ட்', திரும்பப் பெற்றால் 'வித்ட்ரா'. இந்தப் பக்கத்துக்கு ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சியை விட நல்ல உதாரணம் இல்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில் விவசாயிகள் தங்கள் குறைகளை நாட்டுக்குத் தெரிவிக்கவே கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்து, கடைசியில் 1033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டு ஒரு புத்தகம் போல ஆகிவிட்டது. அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய்தான், அதன் பிறகுதான் தொகையை உயர்த்தினார்கள். இப்போது பொதுப் பிரிவினருக்குச் சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குகூடக் கிடைக்காவிட்டால் டெபாசிட் போச்சு, அதற்குரிய வினை 'ஃபார்ஃபிட்'. பேச்சில் 'லூஸ் டெபாசிட்' போதும், தேர்வில் 'ஃபார்ஃபிட்' என்ற சொல்தான் வரும். மொடக்குறிச்சிக் கதையை ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதிப் பாருங்கள், இந்தப் பக்கத்துச் சொற்கள் முக்கால்வாசி உள்ளே வந்துவிடும்.

மூன்றாம் பக்கம், பிரச்சாரம். 'கேம்பெய்ன்', 'ரேலி', 'மேனிஃபெஸ்டோ', 'ப்லெட்ஜ்'. வாக்காளரைக் கவர முயல்வது 'வூ வோட்டர்ஸ்', செய்தித்தாள் தலைப்பில் இது அடிக்கடி வரும். வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்பது 'கேன்வஸ்', அதன் ஸ்பெல்லிங் சிக்கலைப் பின்னால் பார்ப்போம்.

நான்காம் பக்கம்தான் நிறைய நிரம்ப வேண்டும். வாக்குச்சாவடிக்குள் நீங்கள் நடந்து போவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் அலுவலர் வாக்காளர் பட்டியலில், அதாவது 'எலெக்டோரல் ரோல்' என்பதில், உங்கள் பெயரைத் தேடி உரக்கப் படிக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர்கள், 'போலிங் ஏஜென்ட்'கள், தங்கள் நகலில் ஒரு கோடு போடுகிறார்கள். அடுத்தவர் இடது கை ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கிறார். அழியாத அந்த மைக்கு 'இண்டெலிபிள் இங்க்' என்று பெயர், மைசூரில் உள்ள மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம்தான் அதைத் தயாரிக்கிறது. மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு தன் முன்னால் இருக்கும் 'கன்ட்ரோல் யூனிட்'டில் ஒரு பொத்தானை அழுத்துகிறார். இப்போது மறைவுக்குள் இருக்கும் 'பேலட் யூனிட்' உங்களுக்காகத் தயார். நீலப் பொத்தானை அழுத்தியதும், பக்கத்தில் உள்ள விவிபேட் கண்ணாடிக்குள் நீங்கள் தேர்ந்தெடுத்த சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடி தெரிந்து கீழே விழுகிறது. எந்த வேட்பாளரும் வேண்டாம் என்றால் கடைசியில் நோட்டா, 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்தது. இந்த நடையை ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை 'இண்டெலிபிள்' என்ற சொல்லை வினாத்தாளில் பார்த்தால் விரல் நுனி ஞாபகத்துக்கு வரும். 'சாப்பிட முடியாத' என்று பொருள்படும் 'இன்எடிபிள்' என்ற சொல்லையும் விடைகளில் வைத்துக் குழப்புவார்கள், ஜாக்கிரதை.

எண்ணிக்கைக்கும் முடிவுக்கும்: 'லீட்' முன்னிலை, 'ட்ரெய்ல்' பின்தங்குவது, 'டிக்ளேர்' அறிவிப்பது, 'லேண்ட்ஸ்லைட்' மாபெரும் வெற்றி, 'ஹங்' யாருக்கும் பெரும்பான்மை இல்லாத அவை, 'கொயலிஷன்' கூட்டணி, 'மேண்டேட்' மக்கள் தந்த தீர்ப்பு, 'இன்கம்பென்ட்' இப்போது பதவியில் இருப்பவர், 'ஸ்வோர்ன் இன்' பதவியேற்பது.

படி 3: தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் பிழைகள்

நிஜமாகவே மதிப்பெண் கூடுவது இந்தப் படியில்தான். நிதானமாகப் படியுங்கள்.

ஓட்டுப் 'போடுகிறோம்', அதனால் கை தானாக 'புட் வோட்' என்று எழுதும். ஆங்கிலத்தில் அது 'காஸ்ட்'. இந்த வினைக்கு மூன்று காலமும் ஒரே வடிவம்: காஸ்ட், காஸ்ட், காஸ்ட். 'காஸ்டட்' என்று விடையில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தவறென்று ஒதுக்கிவிடலாம். இதோடு ஒட்டிய ஒரு கண்ணி 'காஸ்டிங் வோட்'. அது வாக்களிப்பது என்ற பொருளில் வராது, இரு பக்கமும் சமமாக வாக்கு விழும்போது அவைத் தலைவர் போடும் தீர்மானிக்கும் வாக்கு அது. ஒரு சொல் மாற்றுக் கேள்விக்குப் பிடித்த சொல்.

அந்தக் கட்சி'க்கு' ஓட்டு என்கிறோம், உடனே 'வோட் டு' என்று வந்துவிடும். தவறு. ஆதரவாக என்றால் 'வோட் ஃபார்', எதிராக என்றால் 'வோட் அகைன்ஸ்ட்', ஒரு மசோதாவின் மீது என்றால் 'வோட் ஆன்'. 'வோட் டு' வரும் இடமும் உண்டு, ஆனால் பின்னால் வினை இருக்க வேண்டும்: 'தே வோட்டட் டு லீவ்', வெளியேற வாக்களித்தார்கள். 2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் நடந்த பொதுவாக்கெடுப்பு பற்றிய செய்திகளில் இந்தச் சொற்றொடரை ஏராளமாகப் பார்க்கலாம், அங்கே 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தார்கள்.

தேர்தலில் போட்டியிடுவதற்கு மூன்று வழி. 'கன்டெஸ்ட்' என்றால் நேராகத் தேர்தலைப் போடலாம், நடுவில் 'இன்'னோ 'ஃபார்'ரோ வேண்டாம்: 'ஷி கன்டெஸ்டட் தி எலெக்ஷன்'. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஸ்டாண்ட் ஃபார்', அமெரிக்க ஆங்கிலத்தில் 'ரன் ஃபார்'. இவை இரண்டிலும் 'ஃபார்' கட்டாயம்.

'வென்றார்' என்ற ஒரே சொல்லை நாம் தேர்தலுக்கும் எதிராளிக்கும் சேர்த்தே பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் 'வின்' என்பது தேர்தலுக்கு, தொகுதிக்கு, வாக்குக்கு. ஆளைத் தோற்கடித்ததைச் சொல்ல 'டிஃபீட்' அல்லது 'பீட்'. 'ஹி வான் ஹிஸ் ரைவல்' என்பது பிழை கண்டுபிடிக்கும் பகுதிக்கென்றே செய்த வாக்கியம். அதேபோல 'வான் இன் தி எலெக்ஷன்' என்பதைவிட 'வான் தி எலெக்ஷன்' என்பதே இயல்பு. இத்தனை வாக்கு 'வித்தியாசத்தில்' என்பதற்கு 'வித் டிஃபரன்ஸ்' என்று எழுதக் கூடாது, 'பை எ மார்ஜின் ஆஃப்' என்று வர வேண்டும். 2016இல் ராதாபுரம் தொகுதியில் அறிவிக்கப்பட்ட வித்தியாசம் வெறும் 49 வாக்கு: 'பை எ மார்ஜின் ஆஃப் ஃபார்ட்டி நைன் வோட்ஸ்'.

இங்கேயே 'மெஜாரிட்டி'யையும் சரிசெய்துகொள்வோம். நம் பேச்சில் அதிக வாக்கு வாங்கினாலே மெஜாரிட்டி. சட்டமன்றக் கணக்கில் அது பாதிக்கு மேல். 2024இல் பாஜக 240 இடங்களோடு தனிப்பெரும் கட்சியாக வந்தது, 543 இடங்களில் 272 வேண்டும், அதனால் ஆங்கிலச் செய்திகள் 'ஃபெல் ஷார்ட் ஆஃப் எ மெஜாரிட்டி' என்று எழுதின. பாதியைத் தாண்டாமல் மற்றவர்களைவிட அதிகம் பெறுவதற்கு 'ப்ளுராலிட்டி' என்று ஒரு சொல் இருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் கட்டுரையில் இந்த இரண்டையும் இடமறிந்து எழுதினால் தனியாகத் தெரியும்.

'எலெக்ட்' என்ற வினைக்குப் பின்னால் பதவி வந்தால் 'தி' வேண்டாம், 'ஆஸ்' தேவையில்லை: 'ஷி வாஸ் எலெக்டட் பிரசிடென்ட்'. 'ஆஸ்' சேர்த்து எழுதுவதை அகராதிகள் ஏற்கின்றன, ஆனால் போட்டித் தேர்வுப் பயிற்சி நூல்கள் அதைப் பிழை என்றே சொல்லும், அதனால் தேர்வில் விட்டுவிடுவது பாதுகாப்பு. அவைக்குள் போவது என்றால் 'எலெக்டட் டு தி அசெம்பிளி'. ஆட்சிக்குக் கொண்டுவருவது 'வோட் இன்டு பவர்', ஆட்சியை விட்டு இறக்குவது 'வோட் அவுட் ஆஃப் பவர்'. வாக்களிக்காமல் ஒதுங்குவது 'அப்ஸ்டெய்ன் ஃப்ரம்', பின்னால் 'வோட்டிங்' என்று ஐஎன்ஜி வடிவம் வரும்.

ஒருமை பன்மை விஷயம் சுருக்கமாக, ஆனால் ஒவ்வொன்றுக்கும் நீங்களே இரண்டு வாக்கியம் எழுத வேண்டும். 'ஒன் ஆஃப் தி கேண்டிடேட்ஸ்' என்றால் 'ஹேஸ்', பக்கத்தில் பன்மை இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. 'ஈச் ஆஃப்', 'நைதர் ஆஃப்' இரண்டும் அப்படியே ஒருமை. 'தி நம்பர் ஆஃப் வோட்டர்ஸ்' ஒருமை, 'எ நம்பர் ஆஃப் வோட்டர்ஸ்' பன்மை. 'மெனி எ வோட்டர்' பொருளில் பன்மை, இலக்கணத்தில் ஒருமை. 'நைதர்... நார்' வந்தால் வினைக்குப் பக்கத்தில் இருக்கும் எழுவாயைப் பார்த்து முடிவெடுங்கள்.

படி 4: தேர்ந்தெடுத்தல் சொற்கள்

தமிழில் 'தேர்வு' என்ற சொல் பரீட்சைக்கும் வரும், தேர்ந்தெடுப்பதற்கும் வரும். ஆங்கிலத்தில் தேர்ந்தெடுப்பதற்கு மட்டுமே அரை டஜன் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் தனி இடம். 'சூஸ்' பொதுவானது. 'பிக்' பேச்சுவழக்கு, கட்டுரையில் தவிர்க்கலாம். 'செலெக்ட்' பலவற்றிலிருந்து ஆராய்ந்து எடுப்பது. 'எலெக்ட்' வாக்கெடுத்து. 'நாமினேட்' பெயரை முன்மொழிவது அல்லது நியமிப்பது. 'அப்பாயின்ட்' பதவியில் அமர்த்துவது. 'ஆப்ட்' இருக்கிற வாய்ப்புகளில் ஒன்றின் பக்கம் சாய்வது.

இந்த வித்தியாசத்தைப் பிடிக்க உத்திரமேரூர் கல்வெட்டு அருமையான பயிற்சி. பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்டவை, காஞ்சிபுரம் மாவட்டத்தில் இன்றும் போய்ப் பார்க்கலாம். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பலர் இதை ஆங்கிலத்தில் 'எலெக்ஷன்' என்று எழுதிவிடுகிறார்கள். வாக்கு எண்ணுவது இங்கே இல்லை, இது குலுக்கல், 'ட்ராயிங் லாட்ஸ்'. இன்னும் கனமான சொல் வேண்டுமென்றால் 'சார்டிஷன்'. வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், சொந்த நிலமும் வீடும் வேண்டும் என்ற விதிகளை எழுத 'எலிஜிபிள்', கணக்குக் காட்டாதவர்களை விலக்கிய விதியை எழுத 'டிஸ்குவாலிஃபை'. ஒரே பத்தியில் நான்கு சொற்கள் இடம் பார்த்து உட்கார்ந்துவிடும்.

இலங்கை வாசகர்களுக்கு 'விருப்பு வாக்கு' பழக்கமான சொல், ஆங்கிலத்தில் 'ப்ரிஃபரன்ஸ் வோட்'. 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், அந்த நாட்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளையும் எண்ணினார்கள். 'ப்ரிஃபரன்ஸ்' தெரிந்தால் 'ப்ரிஃபர்' இலக்கணமும் தெரிய வேண்டும். 'ப்ரிஃபர் டீ டு காபி', நடுவில் 'டு' வரும், 'தேன்' வரவே வராது. 'ப்ரிஃபரபிள்' என்ற சொல்லிலேயே ஒப்பீடு இருக்கிறது, முன்னால் 'மோர்' போட்டால் பிழை. ஆனால் 'வுட் ராதர்' வந்தால் 'தேன்' வரும். இந்த மூன்றையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வையுங்கள்.

மற்றவை: இரண்டுக்கு நடுவே 'சூஸ் பிட்வீன்', பலவற்றுக்குள் 'அமங்'. 'ஆப்ட் ஃபார்' ஒன்றைத் தேர்வது, 'ஆப்ட் அவுட் ஆஃப்' ஒன்றிலிருந்து விலகுவது. வேறு வழியில்லை என்பதற்கு 'நோ சாய்ஸ் பட் டு', இங்கே 'டு' உண்டு. 'கெனாட் பட்' என்ற அமைப்பில் 'டு' கிடையாது. மாற்று வழி 'ஆல்டர்னேட்டிவ் டு'. ஒன்றுவிட்டு ஒன்று என்பதற்கு 'ஆல்டர்னேட்'. 'சூஸ்' இறந்தகாலத்தில் ஒரு 'ஓ'வை இழக்கும், இது எத்தனை பேர் சறுக்கும் இடம் தெரியுமா.

படி 5: வேரைப் பிடித்தால் குடும்பமே வரும்

லத்தீனில் 'எலிகெரே' என்றால் பொறுக்கி எடுப்பது. எலெக்ட், எலிஜிபிள், எலீட் மூன்றும் அங்கிருந்து வந்தவை. 'ஆப்டாரே' என்பதிலிருந்து ஆப்ட், ஆப்ஷன், அடாப்ட். இதில் கடைசியில் இருப்பது தத்தெடுப்பதைக் குறிக்கும் 'ஓ' போட்ட அடாப்ட். 'வோட்' வந்தது நேர்த்திக்கடன், சபதம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து, 'வவ்', 'டிவோட்' எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். 'கேண்டிடேட்' வெள்ளை உடுத்தியவர், பண்டைய ரோமில் பதவிக்கு நிற்பவர்கள் வெளுத்த அங்கி அணிந்தார்கள். நம்மூர் வேட்டியை நினைத்துக்கொண்டால் மறக்கவே மறக்காது. 'பேலட்' இத்தாலியச் சிறு உருண்டையிலிருந்து வந்தது, 'செஃபாலஜி' கிரேக்கக் கூழாங்கல்லிலிருந்து, இரண்டுமே ஒரு காலத்தில் வாக்கு போடப் பயன்பட்ட பொருள்கள். ஏதென்ஸ் மக்கள் பானை ஓட்டில் பெயர் எழுதி ஒருவரைப் பத்து ஆண்டுகள் நாட்டை விட்டு விலக்கிய வழக்கத்திலிருந்து 'ஆஸ்ட்ரசைஸ்' என்ற சொல், பொருள் ஒதுக்கிவைப்பது.

'சஃப்ரேஜ்' என்றால் வாக்குரிமை. துன்பப்படுவதைக் குறிக்கும் 'சஃபர்' உடன் இதற்கு உறவே இல்லை, ஆனால் விடைகளில் அந்தப் பொருளை வைத்து இழுப்பார்கள். 1893இல் நியூசிலாந்து பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை தந்தது, 1931இல் இலங்கையில் ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது, இந்தியாவில் 61ஆவது திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்து வயது 21இலிருந்து 18 ஆனது. இவற்றை எழுத 'சஃப்ரேஜ்' அல்லது 'ஃப்ரான்சைஸ்' எதையும் பயன்படுத்தலாம். வாக்குரிமையைப் பறிப்பது 'டிஸ்என்ஃப்ரான்சைஸ்'.

படி 6: ஒன்றுபோலத் தெரியும் சொற்கள்

'கேன்வஸ்' கடைசியில் ஒரு எஸ் என்றால் ஓவியத் துணி, இரண்டு எஸ் என்றால் வாக்குச் சேகரிப்பு. 'எலிஜிபிள்' தகுதியுள்ள, 'இல்லெஜிபிள்' படிக்க முடியாத. 'எலெக்டர்' ஒரு வாக்காளர், 'எலெக்டரேட்' ஒட்டுமொத்த வாக்காளர்கள், 'எலெக்டோரல்' பெயரடை. 'டர்ன்அவுட்' சேர்த்து எழுதினால் வாக்குப்பதிவு அளவு, பிரித்து எழுதினால் வினை. 'போல்' ஒருமையில் வாக்கெடுப்பு, 'ஒபினியன் போல்' தேர்தலுக்கு முன் எடுப்பது, 'எக்ஸிட் போல்' வாக்களித்து வெளியே வருபவர்களிடம் எடுப்பது. 'டிலிமிட்டேஷன்' தொகுதி எல்லைகளைச் சட்டப்படி வரையறுப்பது. தனக்குச் சாதகமாக எல்லையை வளைத்தால் 'ஜெரிமேண்டர்', 1812இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் ஜெரியின் பெயரையும் சாலமேண்டர் என்ற பல்லி போன்ற பிராணியின் பெயரையும் ஒட்டவைத்து உண்டானது.

படி 7: இடியம்கள்

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பல இடியம்களுக்கு அச்சு அசலாக நம்மிடமே ஒரு தொடர் உண்டு, அதோடு கோர்த்தால் போதும். 'சிட் ஆன் தி ஃபென்ஸ்' என்றால் மதில்மேல் பூனை. 'பிட்வீன் தி டெவில் அண்ட் தி டீப் சீ' என்றால் இருதலைக் கொள்ளி எறும்பு. நேர் இணை இல்லாதவற்றைக் கதையோடு படியுங்கள். 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்ட தாமஸ் ஹாப்சன் பெயரில் வந்தது. கதவருகே நிற்கும் குதிரையை எடு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்பாராம். ஆக, தேர்வு இருப்பது போலத் தெரிந்தும் தேர்வே இல்லாத நிலை. 'டார்க் ஹார்ஸ்' யாரும் எதிர்பாராமல் ஜெயிப்பவர். 'நெக் அண்ட் நெக்' கடும் இழுபறி. 'த்ரோ ஒன்ஸ் ஹேட் இன் தி ரிங்' போட்டியில் இறங்குவது. 'ஸ்பாய்ல்ட் ஃபார் சாய்ஸ்' எதை எடுப்பது என்று திணறும் அளவுக்கு வாய்ப்புகள். 'செர்ரி பிக்' தனக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்குவது.

படி 8: எங்கே படிப்பது

தேர்தல் ஆணையத்தின் ஆங்கிலப் படிவங்களை எடுத்துப் படியுங்கள். புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்கக் கோரப் படிவம் 7, திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8. இவற்றில் வரும் 'டிக்ளரேஷன்', 'கான்ஸ்டிட்யுவென்சி', 'ஆர்டினரிலி ரெசிடென்ட்' போன்ற சொற்கள் அலுவலக ஆங்கிலத்துக்கு அடித்தளம். அப்புறம் ஏதாவது ஒரு ஆங்கில நாளிதழில் தேர்தல் முடிவு வந்த மறுநாள் முதல் பக்கம், இணையத்தில் பழைய இதழ் கிடைக்கும். அதில் ஒவ்வொரு வினைக்கும் கோடு போட்டு, அதன் வலது இடது கூட்டாளிச் சொற்களை வட்டமிடுங்கள். பெயர்ச்சொல்லை விட்டுவிடுங்கள், அது தானாக வரும்.

ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர்கள் ஆஸ்திரேலியாவை ஒரு உதாரணமாகத் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கூட்டாட்சித் தேர்தலுக்கு 1924இலேயே கட்டாய வாக்களிப்புச் சட்டம் வந்தது, காரணமில்லாமல் வாக்களிக்காதவருக்கு அபராதம் உண்டு. 'கம்பல்சரி', 'பெனலைஸ்', 'வோட்டர் அபதி', 'சிவிக் ட்யூட்டி' ஆகிய நான்கையும் அந்த ஒரு உதாரணத்தை வைத்தே எழுதலாம்.

படி 9: திருப்புதலும் சோதனையும்

எழுதிய மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, மாதக் கடைசியில் ஒருமுறை நோட்டைப் புரட்டுங்கள். புரட்டும்போது பொருளை மூடி வைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பது ஆரம்பத்தில் மட்டும். பிறகு கூட்டாளிச் சொல்லை மூடி வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். க்ளோஸ் டெஸ்டில் வெற்றிடத்துக்குப் பொருள் தேடி நான்கு விடைகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்காதீர்கள். முதலில் வெற்றிடத்துக்கு அடுத்த சொல்லைப் பாருங்கள், 'ஃப்ரம்' இருந்தால் அப்ஸ்டெய்ன், 'மார்ஜின்' இருந்தால் முன்னால் பை, பாதிக் கேள்விகள் அங்கேயே முடிந்துவிடும்.

கீழே உள்ள ஏழையும் நோட்டைப் பார்க்காமல் நிரப்புங்கள்.

1. ஷி டிசைடட் டு ஸ்டாண்ட் ____ மேயர்.
2. த்ரீ மெம்பர்ஸ் அப்ஸ்டெய்ன்ட் ____ வோட்டிங்.
3. ஹி வான் தி சீட் ____ எ மார்ஜின் ஆஃப் டென் வோட்ஸ்.
4. தே ப்ரிஃபர் பேப்பர் பேலட்ஸ் ____ மெஷின்ஸ்.
5. ஒன் ஆஃப் தி கேண்டிடேட்ஸ் ____ வித்ட்ரான் ஹிஸ் நாமினேஷன்.
6. தி மினிஸ்டர் ஹேட் நோ சாய்ஸ் ____ டு ரிசைன்.
7. தி பீப்பிள் வோட்டட் தி கவர்ன்மென்ட் ____ ஆஃப் பவர்.

விடைகள்: 1. ஃபார், 2. ஃப்ரம், 3. பை, 4. டு, 5. ஹேஸ், 6. பட், 7. அவுட். தவறிய ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஊர்த் தேர்தலையே வைத்து மூன்று வாக்கியம் இன்றைக்கே எழுதிவிடுங்கள்.